தட்டுத் திரும்பாதவள்

கரண்டு போவதால் ஒருவர் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. விசிறி தேடுவார்கள், கரண்டு ஆபீஸ்காரர்களை நாலு வார்த்தை திட்டுவார்கள், அத்துடன் முடிந்தது. ராக்கம்மாளுக்கு அப்படி முடியவில்லை.

1998, வைகாசி மாதம். தம்பி மகள் மாரீஸ்வரிக்கு மறுநாள் பரிசம். அதற்குச் சாமான் வாங்க எம்.ரெட்டியபட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு வந்தவள், காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதுதான், ஆனால் கால்முட்டி இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டன. வெற்றிலை, பாக்கு, வளையல், விரலி மஞ்சள் எல்லாம் வாங்கியாயிற்று. தட்டு மாற்றுவதற்கென்று எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றையும் எடுத்துவிட்டாள். மாரீஸ்வரியின் பேரை அதில் வெட்டித் தரும்படி கடைக்காரரிடம் நீட்டிய நேரம் பார்த்துக் கரண்டு போனது.

"பேரு வெட்டுற மிஷினு ஓடாதும்மா. கரண்டு வரணும்" என்றார் கடைக்காரர்.

"நாளைக்குத் தட்டு மாத்தணும்யா. பேரு இல்லாத தட்ட எப்படி எடுத்துட்டுப் போக?"

"அப்ப இருந்துதான் வாங்கிட்டுப் போகணும். இங்கன நின்னு வேகாதீக. அடுத்த கட்டடத்துல பழைய சாமானெல்லாம் காட்சிக்கு வச்சிருக்காக. காசு கெடையாது. தண்ணிப்பானை இருக்கு. போயி உக்காருங்க."

உட்காரலாம் என்ற ஒரு சொல்லுக்காகவே அவள் போனாள். அது பழைய பஞ்சுக் குடோன். டவுன் வியாபாரிகள் சிலர் சங்கமாகச் சேர்ந்து, வெள்ளையடித்து, கண்ணாடிப் பெட்டிகள் செய்து, இந்த வட்டாரத்து வீடுகளில் கிடந்த பழைய பொருட்களைச் சேகரித்து வைத்திருந்தார்கள். வாசலில் மேஜை போட்டு ஒருவர் நியூஸ் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். பேர் வீரபத்திரன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவருக்கு ஓய்வு கொடுக்கக் கூடாது என்று யாரோ முடிவு செய்து, இந்தக் கூடத்தின் சாவியை அவர் இடுப்பில் கட்டிவிட்டிருந்தார்கள்.

"உள்ள போயிப் பாருங்கம்மா. இருட்டா இருக்கும், பாத்து."

ராக்கம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பார்த்தாள். மயில் போலச் செய்த வெற்றிலைப் பெட்டி, கிளிமூக்குப் பாக்குவெட்டி, அன்னம் உட்கார்ந்திருக்கும் தூக்குவிளக்கு, சுண்ணாம்புக் கரண்டகம். எச்சில் துப்புகிற படிக்கத்தைக்கூடப் பளபளவென்று துலக்கிக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் துலக்கியே கை தேய்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேடிக்கையா? இதுகளை யார் துலக்குகிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவையா, தினமுமா என்பதுதான் அவள் மனசில் ஓடியது. நல்லவேளை, நம் தலையில் அந்த வேலை விழவில்லை என்று நினைத்துக்கொண்டே அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள்.

அங்கே அவளுடைய தட்டு இருந்தது.

பித்தளைத் தாம்பாளம். நடுவில் தாமரை. விளிம்பைச் சுற்றிக் கொடி ஓட, கொடிக்கு இடையிடையே ஒன்றை ஒன்று கொத்த வருவதுபோல் கிளிகள். அப்படித் தட்டு ஆயிரம் இருக்கும். ஆனால் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய ஒரு பேர் இருந்தது. ராக்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த எழுத்து அவள் பேர் மட்டும்தான். அதையும் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. சீர்ப் பாத்திரங்களைப் புளிபோட்டுத் துலக்கித் துலக்கி விரலால் படித்தது. இந்தத் தட்டில் பேர் வெட்டும்போது ஆசாரி நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். அவளைப் பெற்ற அய்யா போட்ட சத்தத்தில் பயந்துபோய், விட்ட எழுத்தைக் கொசு உட்கார்ந்த மாதிரி மேலே ஒட்டவைத்து வெட்டிக் கொடுத்தான். அந்த எழுத்து இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தட்டுக்காக இருபத்தைந்து வருஷம் காத்திருந்தவள் வேறு என்ன செய்வாள்?

அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஒத்துவராவிட்டால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி உறவைத் தீர்த்துவிடுவார்கள். அதில் அவமானம் ஒன்றும் கிடையாது. தீர்ந்த பெண்ணுக்கு மறுபடி மாப்பிள்ளை பார்ப்பார்கள், அவளும் போய்ப் பிள்ளைகுட்டி பெற்று நன்றாக இருப்பாள். ஒரே ஒரு கட்டுப்பாடு. பரிசத்தன்று பெண் வீட்டிலிருந்து போன தட்டு திரும்பி வந்து பெண்ணைப் பெற்றவன் கையில் சேர வேண்டும். சேராதவரைக்கும் அவள் தீர்ந்தவள் இல்லை. அவளுக்காக இன்னொரு தட்டு மாற்ற முடியாது. நல்ல காரியத்தில் அவள் கையால் தட்டு எடுக்கவும் கூடாது.

ராக்கம்மாளைத் திருச்சுழிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புருசன்காரன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவன் மனசு வேறொருத்தியிடம் இருந்தது, அதை மறைக்கவும் அவனுக்குச் சாமர்த்தியம் போதவில்லை. இரண்டே வருஷத்தில் தீர்த்துவிட்டார்கள். பாத்திரமெல்லாம் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. இறக்கி வைத்தது அவளுடைய அய்யா இருளாண்டி. அண்டா இருக்கிறது, குடம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, தட்டை மட்டும் காணோம் என்றார். வண்டியோடு வந்திருந்த மாமியார்க்காரி, என் கையாலேதான் வைக்கோல் சுற்றி முதலில் ஏற்றினேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். யாரும் நம்பவில்லை. பெரியவர்கள் அவளை ஊர்முன்னால் விழுந்து கும்பிட வைத்தார்கள். அப்போதும் தட்டு வரவில்லை. ராக்கம்மாள் ஆத்திரம் தாங்காமல் ஒரு கை மண்ணை வாரி அவர்கள் வண்டியைப் பார்த்துத் தூற்றினாள்.

அம்மா அதற்கு முந்தின பங்குனியில்தான் செத்துப்போயிருந்தாள். தம்பி கருத்தப்பாண்டிக்குப் பதின்மூன்று வயது. ராக்கம்மாள் அடுப்படிக்குள் போனாள், பருத்திக்காட்டுக்குப் போனாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். ஊரில் அவளுக்குத் தட்டுக்காரி என்று பேராகிவிட்டது.

பிறகு பாலவனத்தத்திலிருந்து செல்லப்பாண்டி என்று ஒருவர் வந்து பெண் கேட்டார். தாரம் இழந்தவர், தன்மையான ஆள். தட்டு வரட்டும் என்றார் அய்யா. அந்த மனுசர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகாமல், தாமே திருச்சுழிப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வந்து, கிணற்றடியில் வைத்து ராக்கம்மாளிடம் சொன்னார். "அவுக குடுத்துட்டாகம்மா. அந்தப் பெரியம்மா பொய் சொல்லல. உங்க வீட்டுலதான் எங்கிட்டோ இருக்கணும்." ராக்கம்மாளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கய்யாவையா களவாணின்னு சொல்றீக, இனிமேப்பட்டு இந்தத் தெருவுல கால் வைக்காதீக என்று அனுப்பிவிட்டாள். அவரும் கால் வைக்கவில்லை.

இப்போது கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மாட்டிக்கிட்டாகளா என்று இருந்தது. செத்தும் விடமாட்டேன் என்று மாமியார்க்காரி ஒளித்து வைத்திருந்ததை அவள் பேரன் பேத்திகள் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். நாளைக்கு மாரீஸ்வரிக்குத் தட்டு எடுக்க வேண்டியது அத்தைக்காரியின் உரிமை. அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் இவள். இருந்தும் தட்டுத் திரும்பாதவள் என்று, முன்னேபின்னே தெரியாத ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தியை வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தட்டைக் கொண்டுபோய் நடுவீட்டில் வைத்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். முட்டிவலியை மறந்து எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"சார், அந்தக் கிளித் தட்டு என் தட்டு. களவு போனது. திருச்சுழிப் பக்கத்து ஆளுகதானே குடுத்தாக?"

வீரபத்திரன் விசிறுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவள் கொசு எழுத்தைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இத நான் ஏதோ கீறல்னுல்ல நெனச்சேன்" என்றார். "ஆனா திருச்சுழி இல்லம்மா. ரெட்டியபட்டி. நாலு வருஷத்துக்கு முந்தி ஊர் ஊராப் போயிப் பழைய பொருள் கேட்டோம். அப்ப ஒருத்தர் சாக்குல சுத்திக் கொண்டாந்து குடுத்தாரு. கருத்தப்பாண்டின்னு பேரு. இடது கையில பெருவிரல் இருக்காது."

அது அவள் தம்பியின் கை.

"வீட்டை இடிச்சுக் கட்டினாராம். தானியம் போட்டு வைக்கிற மண் குலுக்கை இருக்குல்ல, அத ஒடைச்சப்ப அடியில கெடந்துச்சாம். இம்புட்டு வேலைப்பாடா இருக்கே, வீட்டுலயே வச்சுக்கலாமேன்னு நான்கூடச் சொன்னேன். வீட்டுல வச்சா சரிவராது சார்ன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியாது" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்தக் குலுக்கையை அவளுக்குத் தெரியும். அவள் வீடு திரும்பிய அதே மாசம் அய்யா புதிதாகக் கட்டியது. கண்மாயிலிருந்து மண் சுமந்து, வைக்கோல் கலந்து மிதித்து, சாணி போட்டு மெழுகியதெல்லாம் அவள்தான். அய்யாவுக்குத் திடீரென்று குலுக்கை கட்டும் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதிலிருந்துதான் தினமும் சோளமும் கம்பும் அள்ளி, இடித்து, கூழ் காய்ச்சி, அய்யாவுக்கும் தம்பிக்கும் ஊற்றினாள். அய்யா படுக்கையில் விழுந்தபோது அந்தக் குலுக்கைக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டுக் கேட்டார். மகராசன், காவல் இருந்திருக்கிறார்.

"குடுக்க முடியுமா சார்?" என்று கேட்டாள்.

அவர் சங்கடப்பட்டார். "என் கையில ஒண்ணுமில்லம்மா. சங்கத்துச் சொத்தாயிருச்சு. குடுத்தவரே வந்து கேட்டாருன்னா கூட்டத்துல வச்சுப் பேசலாம். எனக்கும் இந்தச் சாவியத் தூக்கி எறிஞ்சிட்டு வீட்டுல படுத்துக்கணும்னுதான் இருக்கு." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். ஒன்றும் கேட்காமல் தன் மேஜைக்குப் போய்விட்டார். அந்த நல்ல மனசுக்காகவே அவருக்கு அந்த வேலையிலிருந்து சீக்கிரம் விடுதலை கிடைக்கலாம்.

தட்டு கனமாக இருந்தது. செல்லப்பாண்டி சொன்னது உண்மை. மாமியார்க்காரி அடித்த சத்தியமும் உண்மை. மண்ணை வாரித் தூற்றிய இரண்டாம் வருஷம் அந்தப் பொம்பளை வயிற்றுவலி வந்து செத்தபோது, தெய்வம் கேட்டுருச்சு என்று ராக்கம்மாள் பொங்கல் வைத்திருந்தாள். அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அசதிதான் வந்தது. காட்டுவேலை முடிந்து வருகிற அசதியைத் தூங்கினால் போக்கிவிடலாம். இது அந்த வகை இல்லை.

சாயங்காலம் கரண்டு வந்தது. பித்தளைத் தட்டை வீரபத்திரனின் மேஜையில் வைத்துவிட்டு, பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் கருத்தப்பாண்டி பந்தக்காலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது. பொண்டாட்டி மஞ்சள்காமாலையில் போய் ஐந்து வருஷமாகிறது. பருத்தியும் கடனும் மூன்று பிள்ளைகளுமாக அவனும் நொந்துபோன ஆள்தான்.

"ஏன்க்கா இம்புட்டு நேரம்? ஒன்னையக் காணோம்னு பஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"என் தட்டைப் பாத்துட்டு வாரேன்."

"எந்தத் தட்டு?"

"எனக்கு எத்தனை தட்டு இருக்குலே?"

அவன் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது. பொய் சொல்ல வாயைத் திறந்தவன், அக்காளின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். சின்னப்பிள்ளையில் பருத்திக்காட்டில் வெல்லக்கட்டியைத் திருடித் தின்றுவிட்டு நிற்கும்போதும் இப்படித்தான் நிற்பான்.

"அய்யா செஞ்ச வேலைக்கு நான் என்னக்கா செய்வேன்?"

"அய்யா செஞ்சது கெடக்கட்டும். அவரு மண்ணுக்குள்ள இருக்காரு, கேக்க முடியாது. நீ உசுரோட நிக்கிற. நாலு வருஷமா உனக்குத் தெரியும். தினமும் என் கையால சோறு வாங்கித் தின்னியே, ஒரு நாளு சொல்லணும்னு தோணலையா?"

கருத்தப்பாண்டி வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாழைமரம் அவனைத் தாங்கியதா, அவன் வாழைமரத்தைத் தாங்கினானா தெரியவில்லை.

"அப்பத்தான் அவ செத்து ஒரு வருஷம். மூணும் சின்னதுக. மாரீஸ்வரி அப்பத்தான் வயசுக்கு வந்திருந்தா. சொன்னா நீ கோவிச்சிக்கிட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன்க்கா. நீ போயிட்டா இந்த வீடு என்னத்துக்காகும்? வெலைக்குப் போட்டா பாத்திரக்கடையில பேரப் படிச்சிட்டுக் கேப்பாகன்னு அங்க கொண்டுபோயிக் குடுத்துட்டேன். நீ அங்கெல்லாம் போவேன்னு நான் கண்டனா?"

ராக்கம்மாள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடமில்லைதான். ஆனால் அய்யா மனசுக்குள் என்ன நினைத்திருப்பார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்து யோசித்து மண்டை காய்ந்திருந்தாள். இந்தா, மகன் வாயிலிருந்து அப்பன் பேசுகிறார்.

"அவருக்கும் நான் போயிருவேன்னுதான் பயம். உனக்கும் அதே பயம். போற வயசுல அவரு விடல. இப்ப நீ போன்னு கழுத்தப் புடிச்சுத் தள்ளுனாலும் எனக்குக் காலு வராதுலே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? போயிராதக்கா, பிள்ளைக சின்னதுகன்னு கேட்டா நான் இருந்திருக்க மாட்டேனா? என் தம்பி கேட்டான்னு இருந்திருப்பேன். இப்ப களவாணிக ரெண்டு பேரு கட்டிப்போட்டுல்ல இருந்திருக்கேன்."

"அக்கா, என்னை என்ன செய்யச் சொல்ற?"

"நாளைக்கு மாரீஸ்வரிக்கு நான்தான் தட்டு எடுப்பேன்."

அவன் கயிற்றைக் கீழே போட்டான். "சம்பந்தகாரக எல்லாரும் இருப்பாக. சங்கையா சின்னய்யா விடமாட்டாரு. ஏன் எதுக்குன்னு கேப்பாரு."

"கேட்டா சொல்லு. என் கையில தட்டு இல்ல, அதக் கண்ணாடிக்குள்ள பூட்டிட்டாக. உன் வாய் இருக்குல்ல? நீ சொல்லணும். நீ சொல்லலேன்னா நான் தட்ட அப்படியே கீழ வச்சிட்டு அடுப்படிக்குப் போயிருவேன். சண்டை போடமாட்டேன். ஆனா அதுக்குப் பெறகு நீ எனக்குத் தம்பி இல்ல."

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். ஜமுக்காளம் விரித்து, பானக்கம் கொடுத்து, வெயிலையும் மழையில்லாததையும் பேசி முடித்தார்கள். கருத்தப்பாண்டி இரவெல்லாம் தூங்காத கண்ணோடு அங்கும் இங்கும் அலைந்தான். யார் எது கேட்டாலும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. ராக்கம்மாள் விடியுமுன் எழுந்து நாற்பது பேருக்குச் சமைத்துவிட்டு, குளித்து, மாரீஸ்வரிக்குத் தலைசீவிப் பூ வைத்துவிட்டு, தானும் ஒரு நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள்.

"தட்ட எடுத்து வாங்கப்பா, நேரமாகுது" என்றார் சங்கையா. வகையறாவில் இப்போது மூத்தவர் அவர்தான். அன்றைக்கு மாமியார்க்காரியை விழுந்து கும்பிட வைத்த பெரியவர்களில் உயிரோடு மிச்சமிருந்தவரும் அவர் ஒருவர்தான்.

ஒன்றுவிட்ட அத்தை எழுந்து சேலையைச் சரிசெய்வதற்குள் ராக்கம்மாள் உள்ளேயிருந்து தட்டோடு வந்துவிட்டாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மேலே பட்டுச்சேலை. மாப்பிள்ளையின் அம்மா தன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"ராக்கு" என்றார் சங்கையா மெதுவாக. "என்ன தாயி இது? தெரியாதவளா நீ? தட்டுத் திரும்பாத கையால எடுத்தா பிள்ளைக்கு ஆகுமா? அங்கிட்டுக் குடும்மா."

ராக்கம்மாள் தட்டைக் கொடுக்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். கருத்தப்பாண்டி தூணோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடம் முழுக்க அவனைப் பார்த்தது. தட்டு கனத்தது. அவன் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குப் பட்டது. சரி, இவ்வளவுதான் என்று தட்டைக் கீழே வைக்கக் குனிந்தாள்.

"தட்டுத் திரும்பிருச்சு சின்னய்யா."

குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னப்பா சொல்ற?"

"அன்னைக்கே திரும்பிருச்சு. வண்டியிலயேதான் இருந்திருக்கு. எங்கய்யாதான் குலுக்கைக்கு அடியில போட்டுப் பூசிட்டாரு. வீட்டை இடிச்சப்ப, அக்கா காட்டுக்குப் போயிருந்த நேரம் நான் எடுத்தேன். எடுத்ததும் சொல்லல. நானும் மறைச்சிட்டேன்." கருத்தப்பாண்டிக்கு மூச்சு வாங்கியது. "எங்கக்கா மேல ஒரு தப்பும் இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் சோறு பொங்க ஆளு வேணும்னு அதக் கட்டிப்போட்டுட்டோம். அந்தத் திருச்சுழிப் பொம்பளையும் பொய் சொல்லல."

"அந்த அம்மாவ நாங்க விழுந்து கும்பிட வச்சோமேப்பா" என்றார் சங்கையா. "வயசுல எனக்கு மூத்தவ." மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் எழுந்தாள். அவளும் வாழ்க்கையில் நாலையும் பார்த்தவளாக இருக்க வேண்டும். "மதினி கையிலயே வாங்கிக்கிறோம்" என்று சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். தட்டு மாறியது. யாரோ குலவை போட்டார்கள். மாரீஸ்வரி அழுதாள். பரிசத்தன்று பெண்கள் அழுவதுதானே என்று யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பந்தி போட்டபோது சங்கையா எழுந்துவந்து அவள் முன்னால் நின்றார். "ஒனக்கு என்ன செய்யணும் தாயி, சொல்லு. வகையறா கூடிச் செய்யுறோம்."

"ஒண்ணும் வேணாம் சின்னய்யா. போயிச் சாப்பிடுங்க."

மனசு லேசாகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஊரறியச் சொல்லியாயிற்று, கை சுத்தமாயிற்று, அதன்பின் என்ன பாரம்? ஆனால் இத்தனை வருஷமும் தட்டு வரட்டும், தட்டு வரட்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளி வைத்திருந்த களைப்பெல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் சேர்ந்து இறங்கியது. பந்தியை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள். பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பட்டப்பகலில், அதுவும் வீடு கொள்ளாத விருந்தாளிகள் இருக்கும்போது, அவள் படுத்து யாரும் பார்த்ததில்லை.

"ராக்கம்மா, ரசம் எங்க இருக்கு?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல். "ராக்கம்மா, எலை பத்தலையே!" என்று இன்னொரு குரல்.

கருத்தப்பாண்டி ஓடிவந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினான். "அக்கா தூங்குது. சத்தம் போடாதீக. எது வேணும்னாலும் என்கிட்டக் கேளுங்க" என்று வெளியே அவன் சொல்வது கேட்டது. அவனுக்கு ரசம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. தேடட்டும்.

அவள் தூங்கவில்லை. செத்துப்போன அய்யாவோடு, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, குரலை அடக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வெளியில் பந்திச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஏன்யா, நான் உம்மகள்தானே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன, என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.